மூளையைப் படிக்க எந்தப் பட்டம்?

சிங்கப்பூரின் தேக்காவிலிருந்து லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தைத் தாண்டிப் புக்கிட் தீமா சாலைக்கு வந்தால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை நிற்கிறது. 2009இல் தொடங்கிய ‘கஸ்டோ’ ஆய்வில் சேர்ந்த 1,200க்கும் மேற்பட்ட கர்ப்பிணிப் பெண்களில் பலர் இந்த மருத்துவமனைக்கு வந்தவர்கள். சீன, மலாய், இந்தியக் குடும்பங்களைச் சேர்ந்த அந்தத் தாய்மார்களின் பிள்ளைகள் பிறந்தது முதல் எப்படி வளர்கிறார்கள், அவர்களின் மூளை எப்படி உருவாகிறது என்பதை அந்த ஆய்வு ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து வருகிறது. அங்கிருந்து வடக்கே சற்றுத் தூரம் போனால் நொவீனா. டான் டோக் செங் மருத்துவமனை வளாகத்தில் 1999இல் தொடங்கிய தேசிய நரம்பியல் கழகமும், மண்டலே சாலையில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கோங் சியான் மருத்துவப் பள்ளியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இறந்தவர்களின் மூளையைத் தானமாகப் பெற்று ஆய்வுக்காகப் பாதுகாக்கும் சிங்கப்பூரின் முதல் மூளை வங்கி 2019இல் தொடங்கப்பட்டதும் இந்த நிறுவனங்களின் கூட்டு முயற்சியால்தான். வாராவாரம் காய்கறி வாங்க நம் குடும்பங்கள் வந்துபோகும் வட்டாரத்தை ஒட்டியே இந்நாட்டு மூளை ஆராய்ச்சியின் முக்கியமான பகுதி நடக்கிறது. ஆனாலும், ஏ நிலைத் தேர்வை முடித்த ஒரு மாணவர் ‘நரம்பறிவியல் படிக்க வேண்டும், எந்தப் பட்டத்தில் சேர்வது?’ என்று கேட்டால் வீட்டிலும் பள்ளியிலும் தெளிவான பதில் கிடைப்பதில்லை. நரம்பறிவியல் என்ற பெயரிலேயே இளநிலைப் பட்டம் தரும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தைத் தேடிப் போக வேண்டுமா, இங்கேயே வேறொரு துறையில் சேர்ந்து அதன் வழியாக மூளைக்கு வர வேண்டுமா என்பதுதான் அந்தக் கேள்வியின் சாரம். இரண்டாவது வழியே பெரும்பாலோருக்கு நல்லது என்பது இக்கட்டுரையின் கருத்து. அந்த வழி தானாக அமைந்துவிடாது. அதைத் திட்டமிட்டு அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதே கருத்தின் பகுதிதான்.

முதலில் இந்தத் துறை எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. நரம்பணுவின் சவ்வில் அயனிகள் நுழைந்து வெளியேறுவதை வேதியியலும் இயற்பியலும் விளக்குகின்றன. அணுக்கள் சேர்ந்து சுற்றுகளாக இயங்குவதைக் கணிதமும் கணினியியலும் ஆராய்கின்றன. அந்தச் சுற்றுகளிலிருந்து நினைவும் மொழியும் அச்சமும் எப்படிப் பிறக்கின்றன என்று உளவியல் கேட்கிறது. அவை பழுதாகும்போது என்ன செய்வது என்பது மருத்துவத்தின் வேலை. இத்தனை அடுக்குகளையும் ஒரே ஆள் ஆழமாகக் கற்றுவிட முடியாது. இதற்கு நல்ல சான்று, சிங்கப்பூரோடு நெருங்கிய தொடர்புள்ள சிட்னி பிரென்னரின் புழு ஆராய்ச்சி. தென்னாப்பிரிக்காவில் மருத்துவம் படித்து, ஆக்ஸ்ஃபர்டில் முனைவர் பட்டம் பெற்ற பிரென்னர், 1960களில் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழு ஒன்றை ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தார். அதற்கு இருப்பவை 302 நரம்பணுக்கள் மட்டுமே. அவற்றின் முழு இணைப்பு வரைபடத்தை அவரது குழு 1986இல் வெளியிட்டது. சிங்கப்பூரின் உயிர்மருத்துவ ஆராய்ச்சிக்குப் பல ஆண்டுகள் ஆலோசனை வழங்கிய அவர் 2019இல் இங்கேயே காலமானார். வரைபடம் வந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்தச் சின்னஞ்சிறு புழு அடுத்த நொடியில் என்ன செய்யும் என்பதை அந்த வரைபடத்தை மட்டும் வைத்து இன்றும் முழுமையாகச் சொல்ல முடியவில்லை. இணைப்புகளைத் தெரிந்துகொள்வதும் இயக்கத்தைப் புரிந்துகொள்வதும் வெவ்வேறு வேலைகள் என்பதே அதற்குக் காரணம். பின்னதற்குக் கணிதம் வேண்டும்.

2024 அக்டோபரில் வெளிவந்த பழ ஈயின் மூளை வரைபடமும் ஒரே துறை போதாது என்பதை உறுதி செய்கிறது. ஏறத்தாழ 1,39,000 நரம்பணுக்களையும் அவற்றுக்கு இடையிலான ஐந்து கோடி அளவிலான இணைப்புகளையும் கொண்ட அந்த வரைபடத்தை உருவாக்கிய கூட்டு முயற்சிக்குப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மாலா மூர்த்தியும் செபாஸ்டியன் சியூங்கும் தலைமை தாங்கினர். மாலா மூர்த்தி உயிரியலிலிருந்து வந்தவர். சியூங் கோட்பாட்டு இயற்பியலிலிருந்து வந்தவர். மின்னணு நுண்ணோக்கிப் படங்களில் ஒவ்வோர் அணுவின் எல்லையையும் கணினி நிரல் வரைந்தது. அது செய்த தவறுகளை உலகெங்கும் இருந்த ஆய்வாளர்களும் ஆர்வலர்களும் கண்ணால் பார்த்துத் திருத்தினர். ஒருவர் தனியாகச் செய்திருக்க முடியாத இந்தக் காரியத்தை வெவ்வேறு துறைகளில் ஆழம் கண்டவர்கள் சேர்ந்து செய்தார்கள்.

துறையின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தாலும் இதே உண்மை தெரிகிறது. நரம்பில் மின்துடிப்பு எப்படிப் பயணிக்கிறது என்பதை 1952இல் சமன்பாடுகளாக எழுதிய ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி இருவரில் ஹக்ஸ்லி கேம்பிரிட்ஜுக்கு இயற்பியலும் கணிதமும் படிக்கப் போனவர். பல்கலைக்கழகக் கணினி கிடைக்காத நிலையில், கையால் சுழற்றும் கணக்கிடும் இயந்திரத்தை வைத்து வாரக்கணக்கில் உட்கார்ந்து அந்தச் சமன்பாடுகளுக்கு விடை கண்டவர் அவர். பார்வைப் புலன் மூளையில் எப்படிக் கையாளப்படுகிறது என்று கண்ட டேவிட் ஹியூபல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்தபின் மருத்துவத்துக்கு வந்தார். நினைவின் வேதியியலுக்காக 2000இல் நோபல் பரிசு பெற்ற எரிக் கேண்டல் ஹார்வர்டில் படித்தது வரலாறும் இலக்கியமும். மூளைக்குள் இருக்கும் ‘இட அணுக்களை’க் கண்டறிந்து 2014இல் நோபல் பெற்ற ஜான் ஓகீஃப் முதலில் வானூர்திப் பொறியியலும் பிறகு உளவியலும் படித்தவர். நம்மவர்களில் உலகறிந்த வி. எஸ். ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்துவிட்டுக் கேம்பிரிட்ஜ் சென்றார். கை இழந்தவருக்கு இல்லாத கையில் ஏற்படும் வலியைத் தணிக்க அவர் பயன்படுத்தியது ஒரு சாதாரணக் கண்ணாடி. இருக்கும் கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியும்படி கண்ணாடியை நிறுத்தினால், நோயாளியின் மூளைக்கு அந்தக் கை மீண்டும் அசைவதுபோல் தோன்றுகிறது. சிலருக்கு வலி குறைகிறது. மருத்துவர் நோயாளியிடம் கேட்கும் கேள்வியும், பார்வை உளவியல் கற்றுத்தந்த சோதனை முறையும் சேர்ந்ததால் விளைந்த எளிய உத்தி அது.

இந்தப் பட்டியலைக் கண்டு ஒருவர் நியாயமாகவே மறுக்கலாம். அந்தக் காலத்தில் நரம்பறிவியல் என்ற இளநிலைப் பட்டமே இல்லை. ஆகவே எல்லோரும் வேறு துறையிலிருந்துதான் வந்திருக்க முடியும். இதை வைத்து இன்றைய மாணவருக்கு அறிவுரை சொல்வது சரியா என்று கேட்கலாம். கேள்வி சரியானதே. அமெரிக்காவில் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி 1973இல் இளநிலை மாணவர்களுக்கான நரம்பறிவியல் பாடத்திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு முந்திய தலைமுறைக்கு அந்தத் தேர்வே இருக்கவில்லை. ஆனால் இந்த எடுத்துக்காட்டுகளின் வலிமை, அவர்களிடம் எந்தப் பட்டம் இல்லாமல் இருந்தது என்பதில் இல்லை. பூட்டிக் கிடந்த பல கேள்விகளைத் திறந்த சாவி அவர்கள் வெளியிலிருந்து கொண்டுவந்த கருவிதான் என்பதில் இருக்கிறது. ஹக்ஸ்லியின் கணிதம் இல்லாமல் 1952இன் சமன்பாடுகள் இல்லை. பழ ஈயின் வரைபடம் வந்த காலத்தில் நரம்பறிவியல் பட்டங்கள் உலகெங்கும் இருந்தன. அப்போதும் இயற்பியலும் கணினியியலும் தேவைப்பட்டன. எனவே, பட்டம் இல்லாத காலத்தின் தற்செயல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

நரம்பறிவியலுக்கென்றே உள்ள தனிப்பட்டத்துக்கு ஆதரவான வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துப் பார்ப்பதும் அவசியம். லண்டன், எடின்பரோ, மெல்பர்ன் போன்ற இடங்களின் நல்ல பாடத்திட்டங்கள் அணு, சுற்று, நடத்தை, நோய் ஆகிய அடுக்குகளை ஒரே வரிசையில் கோத்துத் தருகின்றன. உயிரியல் துறையில் ஒரு பாடம், உளவியலில் ஒரு பாடம் என்று பொறுக்கிச் சேர்ப்பவருக்கு அந்தக் கோவை எளிதில் கிடைக்காது. ஒரே ஆர்வமுள்ள வகுப்புத் தோழர்களும், மூளையையே தம் ஆய்வாகக் கொண்ட பேராசிரியர்களும் முதலாண்டிலிருந்தே கிடைப்பார்கள். பதினெட்டு, இருபது வயதில் இவை பெரிய ஊக்கம். இதை மறுப்பதற்கில்லை. ஆனால் இங்கிலாந்தில் இளநிலைப் படிப்பு பொதுவாக மூன்றே ஆண்டுகள். அதற்குள் எல்லா அடுக்குகளையும் தொட வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் குறையும். பெரும்பாலும் குறைவது கணிதமும் புள்ளியியலும் நிரலாக்கமும்தான். மூளையைப் பற்றி நிறையத் தெரிந்திருந்தும், தன் கையால் ஒரு தரவுத் தொகுப்பை அலசத் தெரியாமல் ஒருவர் பட்டம் பெற்று வெளிவர நேரிடலாம். செலவையும் ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. லண்டனின் முன்னணிப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் வெளிநாட்டு மாணவருக்கான அறிவியல் படிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 30,000 பவுண்டுக்கும் மேல். தங்குமிடமும் சாப்பாடும் தனி. சிங்கப்பூர்க் குடிமகனுக்கு உள்நாட்டில் அரசாங்க மானியத்தோடு கிடைக்கும் படிப்பை விட்டுவிட்டு அவ்வளவு பணத்தைப் பட்டத்தின் பெயருக்காக மட்டும் கொடுப்பது சரியாகப் படவில்லை. முனைவர் பட்டத்துக்கு நல்ல மாணவர்களுக்குப் பெரும்பாலும் உதவித்தொகை கிடைக்கும். வெளிநாடு போவதென்றால் அந்தக் கட்டம்தான் பொருத்தமானது.

இந்தியாவின் அனுபவமும் இதே திசையைக் காட்டுகிறது. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையமும், பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தின் நரம்பறிவியல் மையமும் முதுநிலை, முனைவர் நிலைகளில்தான் மூளையைக் கற்பிக்கின்றன. பொறியியல், இயற்பியல், உயிரியல், மருத்துவம் என்று பல வாசல்கள் வழியாக மாணவர்களைச் சேர்க்கின்றன. சென்னை ஐஐடியில் 2022இல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் தமிழ் வாசகர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று. மின்பொறியியல் பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையில் இயங்கும் அந்த மையம், கருவில் வளரும் மனித மூளையின் ‘தரணி’ என்ற முப்பரிமாண வரைபடத்தை 2024 டிசம்பரில் வெளியிட்டது. மூளைத் திசுவை மெல்லிய தகடுகளாக வெட்டி, சாயமேற்றி, ஒவ்வொன்றையும் மிக நுட்பமாகப் படமெடுத்து, 5,132 தகடுகளையும் கணினியில் மீண்டும் ஒன்றாக அடுக்கி உருவாக்கிய வரைபடம் அது. வெட்டுவதில் உடற்கூற்றியல் அறிவும், படமெடுப்பதில் பொறியியலும், அடுக்குவதில் கணினியியலும், பார்த்துப் பெயரிடுவதில் நரம்பியல் வல்லுநர்களின் கண்ணும் தேவைப்பட்டன. சென்னையில் நடந்த இந்த வேலையில் யாருக்கு இடம் கிடைத்திருக்கும் என்று யோசித்தால், ஏதேனும் ஒரு கருவியைக் கைதேர்ந்து பயன்படுத்தத் தெரிந்தவருக்குத்தான் என்பது விளங்கும்.

சிங்கப்பூரில் இதற்கு ஏற்ற அமைப்பு இருக்கிறதா? பெருமளவு இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கலைப்புலத்தையும் அறிவியல் புலத்தையும் சேர்த்து 2021இல் உருவான மானுடவியல், அறிவியல் கல்லூரியில், உயிர் அறிவியலை முதன்மைப் பாடமாகவும் உளவியலை இரண்டாம் முதன்மைப் பாடமாகவும் எடுக்க வழியுண்டு. புள்ளியியல், கணிதம் போன்றவற்றோடும் சேர்க்கலாம். நன்யாங்கில் உயிரியல் பள்ளியும் உளவியல் துறையும் மருத்துவப் பள்ளியும் ஒரே பல்கலைக்கழகத்துக்குள் இருக்கின்றன. பக்கவாதத்தால் பேச்சிழந்தவருக்குப் பேச்சையும், கை இயக்கத்தையும் மீட்டுத்தரும் பேச்சு சிகிச்சை, தொழில்வழி சிகிச்சை ஆகியவற்றைச் சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகம் கற்பிக்கிறது. மூளையோடு நேரடியாக வேலை செய்ய விரும்புவோருக்கு அவை உறுதியான வேலைவாய்ப்புள்ள வழிகள். பிறகு மருத்துவம் படிக்க நினைப்பவருக்கு, எந்தத் துறைப் பட்டதாரியையும் சேர்த்துக்கொள்ளும் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி இருக்கிறது. குறை எங்கே என்றால், இவற்றையெல்லாம் கோத்துக்காட்ட ஆளில்லை என்பதுதான். பாடங்களை விருப்பப்படி சேர்த்துக்கொள்ளும் இந்தச் சுதந்திரத்தால் முழுப் பயன் பெறுவது, விவரம் தெரிந்த பெற்றோரும் அறிமுகமான பேராசிரியரும் உள்ள மாணவர்தான். குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளை பாடப்பட்டியலின் முன் திகைத்து நிற்கும். தனிப்பட்டத்துக்கு ஆதரவாக வைக்கக்கூடிய மிக வலுவான வாதம் இதுவே. இதற்குத் தீர்வு இன்னொரு பட்டம் தொடங்குவதைவிட, முதலாண்டு முதலே தெளிவான வழித்தடத்தை வகுத்துக் கொடுப்பது. எந்தத் துறையில் சேர்ந்தாலும் நிகழ்தகவும் புள்ளியியலும், ஒரு நிரல் மொழி, உயிரணு உயிரியல், அறிதல் உளவியல் ஆகிய நான்கும் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் கைவசம் இருக்க வேண்டும். அதன்பின் குறைந்தது ஓராண்டு ஓர் ஆய்வகத்தில் வேலை செய்திருக்க வேண்டும். அதற்குத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ‘யூராப்ஸ்’ என்றும் நன்யாங்கில் ‘யூரேக்கா’ என்றும் இளநிலை மாணவர் ஆய்வுத் திட்டங்கள் உள்ளன. பட்டத்தின் பெயரைவிட இந்த ஐந்தும்தான் பிறகு கதவைத் திறக்கும்.

இப்படிப் பயின்றவர் என்ன செய்ய முடியும் என்பதற்குச் சிங்கப்பூரிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. நரம்பியல் மருத்துவரான மைக்கேல் சீயும் உளவியலாளர் ஜூன் லோவும் அவர்களது குழுவினரும் பதின்ம வயதினரின் தூக்கத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்தனர். போதிய தூக்கமில்லாத பிள்ளைகளுக்குக் கவனமும் நினைவும் எவ்வளவு சரிகின்றன என்பதை அளந்தனர். நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி 2016இல் காலைப் பள்ளி தொடங்கும் நேரத்தை 45 நிமிடம் தள்ளிப்போட்டபோது, அதன் விளைவை அவர்கள் முறையாக ஆராய்ந்தனர். நேரத்தைத் தள்ளினால் பிள்ளைகள் இரவில் இன்னும் தாமதமாகத்தான் தூங்குவார்கள் என்பது பலரின் எதிர்பார்ப்பு. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, பள்ளி நாள்களில் படுக்கையில் கழிக்கும் நேரம் சராசரியாக 23 நிமிடம் கூடியிருந்தது. 2018இல் வெளியான இந்த ஆய்வில் மணிக்கட்டில் கட்டும் அசைவுமானி, கேள்வித்தாள், புள்ளியியல், பள்ளி நிர்வாகத்தின் ஒத்துழைப்பு எல்லாம் சேர்ந்திருந்தன. ஆய்வகத்தில் தொடங்கிய கேள்வி ஒரு பள்ளியின் கால அட்டவணையில் போய் நின்றது. மூளையைப் படிப்பது நோபல் பரிசுக்காக மட்டுமன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பதும் நியாயமே. இளநிலைப் பட்டத்தோடு மட்டும் நரம்பறிவியலாளராக வேலை பார்க்க முடியாது. ஆய்வு உதவியாளர், மருத்துவமனை ஆய்வு ஒருங்கிணைப்பாளர் போன்ற பணிகளே முதலில் கிடைக்கும். ஆராய்ச்சியில் நிலைபெற முனைவர் பட்டமும், உளவியல் சிகிச்சையாளர் ஆக முதுநிலைப் பட்டமும் வேண்டும். தேசிய சேவையை முடித்துவிட்டு வரும் பையன் நான்காண்டு இளநிலையும் அதற்குமேல் நான்கைந்தாண்டு முனைவர் படிப்பும் முடிக்கும்போது முப்பது வயதை எட்டிவிடுவான். இதை மறைத்து ஆசை காட்டுவது பிள்ளைக்குச் செய்யும் தீங்கு. அதனால்தான் அடித்தளத் துறை முக்கியமாகிறது. ஆராய்ச்சி ஒத்துவராது என்று நான்காம் ஆண்டில் தெரிந்துகொண்டாலும், புள்ளியியலும் நிரலாக்கமும் தெரிந்த பட்டதாரிக்கு வேறு வழிகள் திறந்தே இருக்கும். ‘அப்படியானால் நேரே மருத்துவமே படிக்கட்டுமே’ என்பது அடுத்த வாதம். நோயாளியைக் குணப்படுத்துவதில் மனம் உள்ளவர் அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் மருத்துவம் கிடைக்காதவருக்கான ஆறுதல் இடமாக மூளை ஆராய்ச்சியை நினைப்பது தவறு. இரண்டும் வெவ்வேறு மனப்போக்கைக் கேட்பவை. விடை தெரியாத நிலையில் மாதக்கணக்கில் பொறுமையாக இருக்கத் தெரிந்தவருக்கே ஆய்வகம் பொருந்தும்.

கடைசியாக, நம் சமூகம் தனியே எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 2030இல் சிங்கப்பூர்க் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார். மனநலக் கழகம் நடத்திய ஆய்வுகளின்படி, 60 வயதைத் தாண்டியோரில் முதுமை மறதி நோய் உள்ளவர்களின் விகிதம் 2013இல் 10 விழுக்காடாக இருந்து 2023இல் 8.8 விழுக்காடாகக் குறைந்துள்ளது; அவர்களில் சுமார் பாதிப் பேருக்கு நோய் இன்னும் கண்டறியப்படவில்லை. கண்டறியும் சோதனையை ஒரு தமிழ் மூதாட்டியின் இடத்திலிருந்து பார்க்கலாம். இன்று என்ன தேதி என்று கேட்கிறார்கள். அவர் ஆடி பிறந்து பத்து நாள் என்கிறார். அது சரியான விடை. ஆனால் விடைத்தாளில் அதற்கு இடம் இருக்கிறதா? கடிகாரத்தை வரையச் சொல்கிறார்கள்; பள்ளிக்கூடம் போகாமல் வளர்ந்தவருக்குப் பென்சிலைப் பிடிப்பதே பழக்கமில்லை. ஓர் ஆங்கிலச் சொல்லைப் பின்னிருந்து எழுத்துக்கூட்டச் சொல்லும் பகுதியைத் தமிழில் அப்படியே வைக்க முடியாது. உயிர்மெய் எழுத்துகளைத் திருப்பிச் சொல்வது வேறொரு வேலை. கல்வியின்மையையும் மொழி வேறுபாட்டையும் நோயின் அறிகுறியாகத் தவறாக எண்ணிவிடாத சோதனையை உருவாக்க, உளவியலும் மொழியியலும் புள்ளியியலும் தமிழும் ஒருசேரத் தெரிந்தவர் வேண்டும். பக்கவாதம் வந்த இருமொழியாளரின் பேச்சையும் இரண்டு மொழிகளிலும் சோதித்தால்தான் பாதிப்பின் அளவு விளங்கும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினரே. இவ்வளவு சிறிய கூட்டத்துக்காக உலகின் பெரிய ஆய்வகங்கள் முன்வந்து உழைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நாம்தான் செய்ய வேண்டும்.

ஆகவே மாணவருக்குச் சொல்ல வேண்டியது இது. பட்டத்தின் பெயரைத் தேடாதீர்கள். உயிரியலோ, உளவியலோ, கணிதமோ, கணினியியலோ, உங்களுக்குப் பிடித்த ஒன்றில் ஆழமாகக் காலூன்றி, மூளையை உங்கள் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டிலேயே ஓர் ஆய்வகத்துக்கு எழுதி இடம் கேளுங்கள். பல்கலைக்கழகங்கள் மூளையை நாடும் மாணவருக்கான வழித்தடத்தை ஒரே பக்கத்தில் தெளிவாக எழுதி வெளியிட வேண்டும். நம் அமைப்புகள் கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிகளில் மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் தரும் நேரத்தில் ஒரு பங்கையாவது இதற்குத் தர வேண்டும். பெற்றோர் பிள்ளையின் தமிழைக் காப்பாற்ற வேண்டும். நாளை நொவீனாவில் ஒரு முதியவரின் நினைவைச் சோதிக்கும் அறையில் அந்தத் தமிழுக்கு வேலை இருக்கிறது.